காய்ச்சல் பார்க்கும் டாக்டர் ஏன் மனதைப் பற்றிக் கேட்கிறார்?

தடுப்பூசி போடவோ இருமலுக்கு மருந்து வாங்கவோ பிள்ளையை அழைத்துப் போகிறோம். டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கேள்வித்தாளை நீட்டுகிறார்கள். ‘கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமில்லாமல் இருந்தாயா?’, ‘தூக்கம் வரச் சிரமப்பட்டாயா?’ என்று போகிறது பட்டியல். போதாததற்கு, ‘அப்பா அம்மா கொஞ்ச நேரம் வெளியே இருங்கள்’ என்று வேறு சொல்கிறார்கள். பல நாடுகளில் இது வழக்கமாகிவிட்டது. மற்ற இடங்களிலும் மெல்லப் பரவுகிறது. இருமலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், என் பிள்ளைக்கு முத்திரை குத்தப் போகிறார்களா என்று பெற்றோர் குழம்புவதில் வியப்பில்லை.

இதே காலத்தில் இன்னொரு செய்தியும் அடிக்கடி கண்ணில் படுகிறது. குழந்தைநல மருத்துவர்கள் வேலைப் பளுவால் நொந்துபோயிருக்கிறார்கள், சிலர் வேலை நேரத்தைக் குறைக்கிறார்கள், சிலர் விலகியே போகிறார்கள் என்கிற செய்தி. இரண்டையும் தனித்தனியாக வாசித்துவிட்டுக் கடந்துபோகிறோம். உண்மையில் இரண்டும் ஒரே முடிச்சில் வந்து சேர்கின்றன. ஒரு குழந்தையின் மனதைக் கவனிக்க மருத்துவருக்கு மூன்று வசதிகள் வேண்டும்: நேரம், சந்தேகம் கேட்க ஆள், அனுப்பிவைக்க இடம். இவற்றைத் தராமல் கேள்வித்தாளை மட்டும் கையில் கொடுத்தால் குழந்தைக்கும் பெரிய பயனில்லை, மருத்துவரும் உடைந்துபோகிறார்.

யார் யார், எது எது

பெயர்களில் உள்ள குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம்.

1. குழந்தைநல மருத்துவர்: பிறந்த நாள் முதல் வளரிளம் பருவம் முடியும்வரை உடல்நலம் பார்ப்பவர். மனநலம் அவருடைய படிப்பில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

2. குழந்தை மனநல மருத்துவர்: மருத்துவம் படித்தபின் மனநலத்திலும், அதற்குள் குழந்தைகள் பிரிவிலும் தனிப் பயிற்சி பெற்றவர். இவர்களுக்கு எங்குமே தட்டுப்பாடுதான்.

3. உளவியலாளர்: சோதனைகள் வைப்பது, பேச்சுவழிச் சிகிச்சை தருவது இவர் வேலை. பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத மாட்டார்.

4. மனநலக் கோளாறு: பரீட்சைக்கு முன் வரும் பயமோ நண்பன் பேசாமல் போனதால் வரும் அழுகையோ கோளாறு ஆகாது. எத்தனை நாளாக, எவ்வளவு கடுமையாக, படிப்பையும் வீட்டையும் நட்பையும் எந்த அளவுக்குக் குலைத்திருக்கிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்தபிறகுதான் அந்தப் பெயர்.

5. ஸ்கிரீனிங்: அறிகுறி எதுவும் சொல்லாமல் வந்தவர்களிடமும் பொதுவாகச் சில கேள்விகள் கேட்டு, யாரை இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று பிரித்தெடுப்பது. நோயைத் தீர்மானிப்பது இதற்கு அடுத்த கட்டம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பாதிப் பதற்றம் வருகிறது.

ஏன் இவரிடம் போய்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 10 முதல் 19 வயது வரையிலானவர்களில் ஏழில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலக் கோளாறு இருக்கிறது. 192 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு பகுப்பாய்வு இன்னொன்றைக் காட்டியது: வாழ்நாளில் மனநலக் கோளாறு வருபவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு அது 14 வயதுக்குள் தொடங்கிவிடுகிறது, 18 வயதுக்குள் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு. அதாவது, பெரியவர்களின் நோய் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி பள்ளிப் பருவத்திலேயே தலைகாட்டுகிறது.

அந்த வயதில் குழந்தையை அடிக்கடி பார்க்கும் மருத்துவர் யார்? மனநல மருத்துவரிடம் தாமாகப் போகும் குடும்பங்கள் குறைவு. கூச்சம், செலவு, தூரம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம் என்று தடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. குழந்தைநல மருத்துவரிடம் போக யாருக்கும் கூச்சமில்லை. முதல் தடுப்பூசியிலிருந்து தெரிந்த முகம். குழந்தையின் அழுகை, பசி, நடை, பேச்சு எல்லாவற்றையும் வருடக்கணக்கில் பார்த்திருப்பவர். போன வருடம் கலகலவென்று பேசிய பெண் இந்த வருடம் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த மாற்றம் அவர் கண்ணில்தான் முதலில் படும். புதிதாகப் பார்க்கும் நிபுணருக்கு அந்தப் பழைய முகம் தெரியாதே.

கொரோனா காலம் இந்தப் போக்கை வேகப்படுத்தியது. 2021 அக்டோபரில் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாதமி, குழந்தை மனநல மருத்துவர்களின் அமைப்பு, குழந்தைகள் மருத்துவமனைகளின் சங்கம் மூன்றும் சேர்ந்து, குழந்தைகளின் மனநலம் தேசிய அவசரநிலையை எட்டிவிட்டதாக அறிவித்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில், அந்நாட்டின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 8 முதல் 18 வயது வரை பதற்றக் கோளாறுக்கும், 12 முதல் 18 வயது வரை மனச்சோர்வுக்கும் ஸ்கிரீனிங் செய்யலாம் என்று பரிந்துரைத்தது. எட்டு வயதுக் குழந்தையிடம் பதற்றத்தைப் பற்றிக் கேட்பது அதிகப்படி என்று தோன்றலாம். பள்ளிக்குப் போக மறுத்துத் தினமும் காலையில் வாந்தி எடுக்கும் எட்டு வயதுக் குழந்தையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றாது.

வயதுக்கு ஏற்றபடி என்ன பார்க்கிறார்கள்

மனநலப் பார்வை தொடங்குவது குழந்தையிடம் அல்ல, தாயிடம். பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வு, குழந்தையோடு பேசுவதையும் சிரிப்பதையும் கொஞ்சுவதையும் குறைத்துவிடும்; கைக்குழந்தையின் மூளைக்கு அவைதான் உரம். அதனால் அமெரிக்க அகாதமி, குழந்தையின் 1, 2, 4, 6ஆம் மாதப் பரிசோதனைகளில் தாயின் மனநிலையையும் விசாரிக்கச் சொல்கிறது. இதற்குப் பயன்படும் எடின்பரோ அளவுகோல் 1987இல் உருவானது, பத்தே கேள்விகள். பிரசவம் பார்த்த மருத்துவரைத் தாய் ஓரிரு தடவை பார்ப்பாள், அவ்வளவுதான். குழந்தைநல மருத்துவரையோ தடுப்பூசிக்காக மாதாமாதம் பார்க்கிறாள். பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

ஒன்றரை வயதிலும் இரண்டு வயதிலும் ஆட்டிசத்துக்கான கேள்விகள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுகிறதா, அம்மா பார்க்கும் திசையில் தானும் பார்க்கிறதா என்பது போன்ற இருபது கேள்விகள். பள்ளி வயதில் கவனக்குறைவு, அடங்காத துறுதுறுப்பு, பயம், படிப்பில் சறுக்கல். பன்னிரண்டு வயதுக்கு மேல் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம், போதைப் பழக்கம், உணவோடு போராட்டம்.

வயிற்றுவலி சொல்லும் கதை

சிறு பிள்ளைக்கு ‘எனக்குப் பதற்றமாக இருக்கிறது’ என்று சொல்லத் தெரியாது. வயிறு வலிக்கிறது, தலை வலிக்கிறது என்று சொல்லும். நடிப்பென்று இதைத் தள்ளிவிட முடியாது. குடலுக்கும் மூளைக்கும் நேரடி நரம்புத் தொடர்பு இருப்பதால் வலி உண்மையிலேயே வலிக்கிறது.

பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் ஆப்லி 1958இல் ஆயிரம் பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்து, ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்குத் திரும்பத் திரும்ப வயிற்றுவலி வருவதைக் கண்டார். பெரும்பாலானவர்களுக்கு உறுப்பில் எந்தக் கோளாறும் இல்லை. அவர் சொல்லிப்போன ஒரு குறிப்பை மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்: வலி தொப்புளை விட்டு எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவுக்கு உறுப்புக் கோளாறாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

இப்படி வரும் குழந்தையிடம் ஒரு நல்ல மருத்துவர் என்ன செய்வார்? எடை குறைகிறதா, வளர்ச்சி நின்றிருக்கிறதா, மலத்தில் ரத்தம் வருகிறதா, நடுத்தூக்கத்தில் வலி எழுப்புகிறதா, காய்ச்சல் விடாமல் இருக்கிறதா என்று முதலில் கேட்பார். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடல் பக்கம்தான் முதல் கவனம். எதுவுமே இல்லையென்றால் நாட்காட்டியைப் பார்ப்பார். ஞாயிறு வலிக்கவில்லை, திங்கள் காலை ஏழு மணிக்கு வலிக்கிறது. கோடை விடுமுறை முழுவதும் வலியில்லை, பள்ளி திறந்த வாரம் மறுபடியும் வந்துவிட்டது. ‘பள்ளியில் பிரச்சினையா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். ‘மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய்?’ என்று கேட்டால் சில நேரம் ஒரு நீண்ட மௌனம் வரும். அதன்பிறகு கதை வரும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. எல்லாப் பரிசோதனையும் எடுத்து முடித்து, எதிலும் ஒன்றும் தென்படாத பிறகு, கடைசியில் ‘இது மனசு சம்பந்தப்பட்டது’ என்று சொல்வது. ‘ஒன்றும் இல்லை’ என்று கைவிரிப்பது போலவே குடும்பத்துக்கு அது கேட்கும். முதல் நாளே ‘உடம்பையும் பார்ப்போம், மன அழுத்தத்தையும் சேர்த்தே பார்ப்போம்’ என்று சொல்லிவிடும் மருத்துவர், பின்னால் வரும் சண்டையைத் தவிர்த்துவிடுகிறார்.

கேள்வித்தாளின் மதிப்பெண் எதைச் சொல்லாது

ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களில் உண்மையிலேயே கோளாறு உள்ளவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்வோம். நம் கேள்வித்தாள், கோளாறு உள்ளவர்களில் 80 சதவீதத்தைச் சரியாகப் பிடிக்கும். இல்லாதவர்களில் 80 சதவீதத்தை இல்லை என்று சரியாகச் சொல்லும்.

1. கோளாறு உள்ள 100 பேரில் 80 பேர் பிடிபடுவார்கள். 20 பேர் தப்பிவிடுவார்கள்.

2. கோளாறு இல்லாத 900 பேரில் 180 பேரையும் அது ‘இருக்கலாம்’ என்று காட்டும்.

3. ஆக, ‘இருக்கலாம்’ என்று வந்தவர்கள் 260 பேர். இவர்களில் உண்மையாகவே கோளாறு உள்ளவர்கள் 80 பேர். மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மதிப்பெண் கூடுதலாக வந்ததும் பெற்றோர் இடிந்துபோக வேண்டியதில்லை என்பதற்கு இதுவே காரணம். அதே நேரம், தப்பிவிட்ட அந்த 20 பேரையும் மறக்கக் கூடாது. ‘தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று மருத்துவர் நிம்மதியாகிவிட்டால், நன்றாக மறைக்கத் தெரிந்த பிள்ளை மறைந்தே போகும்.

மனச்சோர்வைக் கண்டறிய அதிகம் புழங்கும் ஒரு தாளையே எடுத்துக்கொள்வோம். பிஹெச்கியூ-9இல் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. வழக்கமாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். ஒரு மாணவன் மொத்தம் 6 எடுக்கிறான். எல்லைக்குக் கீழேதான். ஆனால் ஒன்பதாவது கேள்விக்கு, அதாவது செத்துப்போனால் நல்லது என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றியதா என்ற கேள்விக்கு, ‘சில நாட்கள்’ என்று டிக் அடித்திருக்கிறான். அங்கே கூட்டுத்தொகைக்கு மதிப்பில்லை. அந்த ஒரு டிக்குக்காகவே அவனிடம் அன்றைக்கே உட்கார்ந்து பேச வேண்டும். மொத்தத்தை மட்டும் கணினியில் ஏற்றிவிட்டுத் தாளை ஃபைலில் சொருகும் இடங்களில் இது தவறிப்போகும். கேள்வித்தாளை யார் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள் என்பது அந்தத் தாளைவிட முக்கியம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பெற்றோர் வெளியே இருக்கும் பத்து நிமிடம்

வளரிளம் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. வீடு, படிப்பு, பொழுதுபோக்கு, போதைப் பொருள், பாலியல், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும். எளிதான கேள்வியில் தொடங்கிக் கடினமானதை நோக்கிப் போவது இதன் நுட்பம். 1970களில் தொடங்கி மெருகேறி வந்த முறை இது.

பேச்சு தொடங்கும் முன், பெற்றோரையும் வைத்துக்கொண்டே மருத்துவர் நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும்: ‘நீ சொல்வது நமக்குள் இருக்கும். உன் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து, அல்லது யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் நான் மற்றவர்களைச் சேர்த்துக்கொள்வேன். அப்போதும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்.’ சட்ட விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும், அடிப்படை இதுதான். எல்லையைச் சொல்லாமல் ‘எல்லாமே ரகசியம்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மீறினால், அந்தப் பிள்ளை அடுத்து எந்த மருத்துவரிடமும் வாய் திறக்காது.

தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற அச்சம் பெற்றோருக்கு மட்டுமல்ல, பல மருத்துவர்களுக்கும் உண்டு. ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. நேராகக் கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. பலருக்கு, யாரோ கேட்டார்களே என்ற ஆறுதல்தான் மிஞ்சுகிறது. ‘அப்படியெல்லாம் நினைக்கிறதில்லையே?’ என்று கேட்பதில்தான் சிக்கல். ‘இல்லை’ என்று சொல்லிவிடு என்ற கெஞ்சல் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ‘சில பேருக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கும்போது உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றும். உனக்கு அப்படித் தோன்றியிருக்கிறதா?’ என்று கேட்டால் உண்மைக்கு வழி திறக்கிறது.

ஆம் என்று பதில் வந்தால் அடுத்த வேலை வீட்டைப் பற்றியது. மாத்திரைகள், பூச்சிமருந்து போன்றவை பூட்டிய இடத்தில் இருக்கின்றனவா, இரவில் கூட யார் இருப்பார்கள், யாரைக் கூப்பிடலாம் என்று எழுதிக் கொடுப்பது. ஒரு வேகத்தில் எழும் எண்ணம் பல நேரங்களில் சிறிது நேரத்திலேயே தணிந்துவிடும். அந்த இடைவெளியைக் கடக்க இந்த ஏற்பாடுகள் உதவுகின்றன. பிள்ளை இப்படி எதையாவது சொன்னால் உங்கள் பகுதி உதவி எண்ணையோ அருகில் உள்ள அவசர சிகிச்சைப் பிரிவையோ உடனே நாட வேண்டும்; அடுத்த வார அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

பேச்சா, மருந்தா?

எல்லாருக்கும் மருந்து தேவைப்படாது. லேசான பிரச்சினைகளில் குழந்தைநல மருத்துவரே நிறையச் செய்யலாம்: தூக்கத்தை ஒழுங்குபடுத்துவது (6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், பதின்ம வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம்), பயந்து ஒதுங்கும் விஷயத்தைச் சிறு சிறு படிகளாக எதிர்கொள்ளப் பழக்குவது, பள்ளியோடு பேசுவது, இரண்டு வாரத்தில் மறுபடியும் வரச்சொல்வது. கடைசியாகச் சொன்னது சாதாரணமாகத் தெரியும். ‘அடுத்த செவ்வாய் வா, எப்படி இருக்கிறாய் என்று பார்க்கலாம்’ என்று ஒரு பெரியவர் சொல்வதே சில பிள்ளைகளுக்குப் பெரிய பிடிமானம்.

நடுத்தர, கடுமையான நிலைகளுக்கு இரண்டு பெரிய ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. 2004இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ள 439 வளரிளம் வயதினரிடம் பன்னிரண்டு வாரம் சோதித்துப் பார்த்தார்கள். ஃப்ளுவாக்ஸெடின் மருந்தும் சிந்தனை-நடத்தைப் பேச்சுச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 சதவீதம் பேர் தேறினார்கள். மருந்து மட்டும் என்றால் 61. பேச்சு மட்டும் என்றால் 43. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களில் 35. பதற்றக் கோளாறுக்காக 488 பிள்ளைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில் இரண்டும் சேர்ந்து 81, பேச்சு மட்டும் 60, செர்ட்ராலின் மருந்து மட்டும் 55, வெற்று மாத்திரை 24. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல் என்பது இரண்டிலும் தெரிகிறது. மனச்சோர்வில் மருந்தின் கை ஓங்கியிருக்கிறது. பதற்றத்தில் பேச்சும் மருந்தும் ஏறக்குறையச் சமம்.

இதே மருந்துகள் பற்றி 2004இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது. 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மருந்து எடுத்த பிள்ளைகளில் 4 சதவீதம் பேரிடமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2 சதவீதம் பேரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தென்பட்டது. அந்த ஆய்வுகளில் உயிரிழப்பு எதுவும் இல்லை. எச்சரிக்கை இருக்கிறது என்பதற்காக மருந்தையே ஒதுக்குவதும் தவறு. எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வரச்சொல்வதும் தவறு. முதல் சில வாரங்களும் அளவை மாற்றும் நாட்களும் கூர்ந்து கவனிக்க வேண்டியவை. தானாக மாத்திரையை நிறுத்துவதும் கூடாது.

கவனக்குறைவு-மிகைத் துடிப்புக் கோளாறில் வயதே வழியை முடிவுசெய்கிறது. ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சி. அதற்கு மேல் மருந்தும் பயிற்சியும் சேர்ந்து.

கண்டுபிடித்தாயிற்று, இனி எங்கே?

முடிச்சு இறுகும் இடம் இது. மாலை நேர ஓ.பி.; வெளியே இருபது பேர் காத்திருக்கிறார்கள். தடுப்பூசிக்கு வந்த பதினான்கு வயதுப் பெண் தனியாக இருக்கும்போது அழத் தொடங்குகிறாள். கதவைச் சாத்தி அரைமணி நேரம் கேட்டால் வெளியே கூச்சல். கேட்காமல் விட்டால் மருத்துவருக்கு அன்றிரவு தூக்கமில்லை. கேட்டு முடித்து, ‘மனநல நிபுணரைப் பாருங்கள்’ என்று எழுதிக் கொடுத்தால் அங்கே மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியல். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பெண் யார் பொறுப்பு?

இதற்குச் சில இடங்களில் வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2004இல் ஒரு தொலைபேசித் திட்டத்தை மாநிலம் முழுவதும் கொண்டுவந்தது. குழந்தைநல மருத்துவர் அழைத்தால் குழந்தை மனநல மருத்துவர் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் பேசுவார். எந்த மருந்து, எவ்வளவு, எப்போது பயப்பட வேண்டும், உண்மையிலேயே அனுப்பித்தான் ஆக வேண்டுமா என்று அலசுவார்கள். பின்னர் மற்ற பல மாநிலங்களும் இதைப் பின்பற்றின. இன்னொரு வழி, உளவியலாளரை அதே கிளினிக்கிலேயே உட்கார வைப்பது. ‘அடுத்த அறையில் இருக்கும் அக்காவிடம் ஐந்து நிமிடம் பேசு’ என்று கையோடு கூட்டிப்போய் விடும்போது குழந்தை போகிறது. சீட்டில் எழுதிக் கொடுத்த முகவரிக்குப் பலர் போவதே இல்லை.

இந்த ஏற்பாடுகளைக் குழந்தைக்கான சேவையாகவே எல்லாரும் பேசுகிறார்கள். மருத்துவரின் மனநலத்துக்கும் இவைதான் முதல் மருந்து என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை.

மருத்துவர் எங்கே உடைகிறார்

வேலைப் பளுவால் நொந்துபோவதைக் குறிக்கும் பர்ன்அவுட் என்ற சொல்லை 1974இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்னொரு உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் முறையை வகுத்தார். மூன்று முகங்கள் அதற்கு: மனம் முழுக்க வற்றிப்போவது, நோயாளிகளை மனிதர்களாக அல்லாமல் ‘மூன்றாம் பெட் நிமோனியா’ என்று பார்க்கத் தொடங்குவது, என்ன செய்து என்ன பயன் என்று தோன்றுவது. உலக சுகாதார நிறுவனம் தன் 11ஆவது நோய் வகைப்பாட்டில் இதை நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்து அழுத்தத்தைச் சரிவரக் கையாளாததால் வரும் நிலை என்றுதான் வரையறுத்திருக்கிறது. பழியை வேலையிடத்தின் மேல் வைக்கும் வரையறை இது. நிர்வாகங்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

குழந்தைநல மருத்துவருக்கென்று தனிச் சுமைகள் உண்டு.

1. குழந்தையின் மரணம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் இது பழகுவதில்லை. சடங்குபோல ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு, பத்து நிமிடத்தில் அடுத்த அறைக்குச் சிரித்த முகத்தோடு போக வேண்டும். அங்கே ஒரு கைக்குழந்தை முதல் தடுப்பூசிக்குக் காத்திருக்கும்.

2. துன்புறுத்தப்பட்ட குழந்தைகளைப் பரிசோதிப்பது. பார்த்தவருக்கும் அந்த அதிர்ச்சியின் ஒரு பங்கு ஒட்டிக்கொள்கிறது.

3. தன் கையால் நேர்ந்த பிழை. குழந்தைகளுக்கு மருந்தளவு எடையைப் பொறுத்தது; ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு. பிழைக்குப் பின் குற்ற உணர்வில் நொறுங்கும் மருத்துவரை அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000இல் ‘இரண்டாவது பாதிக்கப்பட்டவர்’ என்று அழைத்தார்.

4. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தும் செய்ய முடியாமல் நிற்பது. அழுத அந்தப் பதினான்கு வயதுப் பெண்ணின் கதை இதுதான். தினம் ஒன்று, இரண்டு என்று இப்படி மூடப்படாத கோப்புகள் மனதில் சேர்கின்றன. கணினியில் முடிக்காத பதிவுகளும் வீட்டுக்கு வருகின்றன.

இதனால் பாதிக்கப்படுவது மருத்துவர் மட்டுமா? அமெரிக்காவின் மூன்று குழந்தைகள் மருத்துவமனைகளில் 123 பயிற்சி மருத்துவர்களை ஆராய்ந்து 2008இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை ஒன்று உண்டு. அவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு. நான்கில் மூன்று பங்கினருக்குப் பர்ன்அவுட். மனச்சோர்வு இருந்தவர்கள் மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகமாக மருந்துப் பிழைகள் செய்திருந்தார்கள். பர்ன்அவுட் மட்டும் இருந்தவர்களிடம் பிழை அப்படிக் கூடவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் சோர்வு வேறு, மனச்சோர்வு நோய் வேறு என்பதைக் காட்டுகிறது: முன்னதற்கு வேலையிடம் மாற வேண்டும், பின்னதற்கு அந்த மருத்துவருக்கே சிகிச்சை வேண்டும். இரண்டையும் ‘ஸ்ட்ரெஸ்’ என்ற ஒரே கூடையில் போடும்போது சிகிச்சை தேவைப்படுபவர் யோகா வகுப்போடு திருப்பி அனுப்பப்படுகிறார்.

எது உதவுகிறது, எது கண்துடைப்பு

மூச்சுப் பயிற்சி, தியானம், உடற்பயிற்சி எல்லாம் பயனற்றவை என்று சொல்ல முடியாது. 2016இல் லான்செட் இதழ் வெளியிட்ட தொகுப்பாய்வில், தனிநபருக்கான பயிற்சிகளும் அமைப்பு ரீதியான மாற்றங்களும் இரண்டுமே பர்ன்அவுட்டைக் குறைத்தன. ஒட்டுமொத்தமாக 54 சதவீதத்திலிருந்து 44 சதவீதத்துக்கு. பத்துப் புள்ளிகள் என்பது கொஞ்சமில்லை. ஆனால் 44 இன்னும் மிச்சம் இருக்கிறது. முப்பது மணி நேர டூட்டியை அப்படியே வைத்துக்கொண்டு முப்பத்தோராவது மணியில் தியானம் சொல்லித் தருவதுதான் கண்துடைப்பு.

பேசுவதற்கென்று ஒதுக்கும் இடம் நன்றாகவே வேலை செய்கிறது. உளப்பகுப்பாய்வாளர் மைக்கேல் பாலிண்ட் 1950களில் லண்டனில் பொது மருத்துவர்களைச் சிறு குழுவாக உட்கார வைத்தார். ‘இந்த நோயாளி உள்ளே வந்தாலே எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது?’ என்பதைப் பற்றியெல்லாம் பேச வைத்தார். நோயைப் பற்றியல்ல, நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே நடப்பதைப் பற்றி. 1997இல் பாஸ்டனில் தொடங்கிய ஷ்வார்ட்ஸ் கூட்டங்கள் இன்னும் விரிவானவை. மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர் வரை எல்லாரும் ஒரு நிகழ்வு தங்களை என்ன செய்தது என்று பகிரலாம். தீர்வு சொல்ல யாரும் வருவதில்லை என்பதுதான் அதன் பலம்.

வேலையை மாற்றியமைப்பதில் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. பதிவேட்டு வேலையைப் பிரித்துக் கொடுப்பது, மனநல விஷயத்துக்கென்று வாரத்தில் நீளமான சில சந்திப்பு நேரங்களை ஒதுக்குவது, அனுப்பி வைத்த குழந்தை போய்ச் சேர்ந்ததா என்று தொடர்புகொள்ள ஒருவரை நியமிப்பது, குழந்தை இறந்தால் அந்த மருத்துவரை அடுத்த ஒரு மணி நேரத்துக்காவது விடுவிப்பது. மூன்றாவதாகச் சொன்னது பலருக்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். மனதில் திறந்தே கிடக்கும் கோப்புகளை மூடித் தருவது அந்த ஒரு தொலைபேசி அழைப்புதான்.

மருத்துவர்களே உதவி கேட்கத் தயங்குவதற்கு வலுவான ஒரு காரணம், மருத்துவம் பார்ப்பதற்கான உரிமம். உலக மருத்துவச் சங்கம் 2017இல் ஜெனீவா உறுதிமொழியைத் திருத்தியபோது, உயர்ந்த தரத்தில் சிகிச்சை தருவதற்காக என் சொந்த உடல்நலத்தையும் நலவாழ்வையும் பேணுவேன் என்ற வரியைச் சேர்த்தது. உறுதிமொழி அப்படிச் சொல்கிறது; உரிம விண்ணப்பங்களோ பல இடங்களில் ‘எப்போதாவது மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தன. ‘ஆம்’ என்று எழுதினால் விசாரணை வருமோ என்று பயந்து, அடுத்தவர் பிள்ளைக்கு ‘உதவி கேட்பது தப்பில்லை’ என்று சொல்லும் மருத்துவர் தனக்கு மட்டும் கேட்காமல் இருந்துவிடுவார். அமெரிக்க மாநில மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பு 2018இல் இதை மாற்றச் சொன்னது: பழைய சிகிச்சையைத் துருவ வேண்டாம், வேலையைப் பாதிக்கும் பிரச்சினை இப்போது ஏதும் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டால் போதும், உடல்நோய்க்கும் மனநோய்க்கும் அதே கேள்வி. அதன்பின் பல மாநிலங்கள் விண்ணப்பப் படிவங்களைத் திருத்தியிருக்கின்றன. மருத்துவமனைகள் வேலைக்குச் சேர்க்கும்போது தரும் படிவங்களில் பழைய கேள்வி இன்னும் பல இடங்களில் அப்படியே நிற்கிறது.